தேரை மோந்த பிள்ளை

எங்கள் வீட்டில் குழித்தறி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காக மண்தரையில் ஒரு பள்ளம் இருக்கும். எண்பதுகளில் ஓர் ஆடி மாதம், ஆரணியே மிதக்கிற மாதிரி மழை கொட்டிய மறுநாள் காலை, தறியில் உட்காரப்போன என் நாத்தனார் "ஐயோ!" என்று அலறினார். பள்ளத்தின் ஓரத்தில் ஈரமண்ணைப் பிளந்துகொண்டு ஒரு தவளை வந்து உட்கார்ந்திருந்தது. உப்பின பூரி மாதிரி உடம்பு, துளியூண்டு வாய்.

என் கணவரின் அக்கா அவர். பாம்பையே துடைப்பத்தால் தள்ளிவிடுகிறவர், இதைப் பார்த்ததும் ஓடிப்போய், பக்கத்தில் தூளியில் கிடந்த என் கைக்குழந்தையை வாரி எடுத்துக்கொண்டார்.

"தேரைம்மா! இங்கியே குந்திகினு கொழந்தைய மோந்துகினு இருந்திருக்குது. அதான் இப்டி எளைச்சிகினே போவுது!"

தேரை மோந்தால் பிள்ளை தேறாது என்று ஊரே நம்பிய காலம். மகள் இளைத்துக்கொண்டு வந்ததும் உண்மைதான். விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் பழியைத் தவளை தலையில் போட்டால் ஒப்புக்கொள்கிற ஆள் நானில்லை. வேலூரில் விலங்கியல் படித்தவள். அங்கேயே இந்த வகையைப் பாட்டிலுக்குள்தான் பார்த்திருந்தேன்.

"அண்ணி, இது தேரையே இல்லீங்க. பலூன் தவளை. வருஷத்துல முக்காவாசி மண்ணுக்குள்ளயே கெடக்கும். பின்னங்கால்ல மம்மட்டி மாதிரி காய்ப்பு இருக்குது பாருங்க, அதால பின்பக்கமாவே தோண்டிகினு எறங்கிடும். தின்றது கரையான். நல்ல மழை பேஞ்சா ஜோடி தேடி மேல வரும். தண்ணியில முட்டை போட்டுட்டு மறுபடி உள்ள பூடும். நேத்து வெளிய வந்தது, போன மாசத்துலேர்ந்து எளைக்கிற புள்ளைய எப்டி மோக்கும்?"

"உள்ள இருந்துகினே மோக்கும். படிச்ச திமிருக்கு அது எங்க தெரியப்போவுது?"

வெள்ளிக்கிழமை மந்திரித்துக் கயிறு கட்டுவது என்று அவரே முடிவு செய்தார். அதுவரை டாக்டர் மருந்து கூடாதாம்.

வெள்ளிக்கிழமையாவது, கிழமையாவது! தவளையை முறத்தில் அள்ளிக் கொல்லைப்புறக் குட்டையில் விட்டேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணமங்கலம் வழியாகப் போகிற வேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பால்புட்டியிலிருந்து குடலில் கிருமி தொற்றியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். மருந்து எழுதினார். புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிண்ணத்தில் ஊட்டச் சொன்னார்.

ஐப்பசிக்குள் மகளுக்குக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. நான் சும்மா விடுவேனா? நாத்தனார் தறியில் இருக்கும்போது குழந்தையைத் தூக்கிப்போய்க் காட்டினேன்.

"பாத்தீங்களா அண்ணி? தேரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மருந்து குடுத்தா சரியாப்போற விஷயம்."

நூலோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்த நாடாவை அவர் நிறுத்தினார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவருக்கு ஓர் ஆண் குழந்தை இப்படித்தான் இளைத்து இளைத்துச் செத்திருந்தது. தேரை என்று ஊரே சொன்னது. அவரும் கயிறு கட்டிவிட்டுக் காத்திருந்தார்.

"அப்போ மருந்து குடுத்திருந்தா எம்புள்ளையும் பொழைச்சிருக்குமா?" என்றார்.

குழந்தையை அவர் கையில் கொடுத்தேன்.