பாறசாலைக்குப் போகாத பார்சல்

இணையத்தில் பலகாரம் விற்கிறவர்கள் எல்லாருக்கும் ஜிஎஸ்டி நம்பர் கட்டாயம், இல்லாவிட்டால் கடையைப் பூட்டிவிடுவார்கள் என்று தக்கலையில் யாரோ சொன்னார்களாம். அதைக் கேட்ட தன் மச்சான் சொல்ல, களியக்காவிளையில் கூரியர் கடை வைத்திருக்கும் தேவகுமார் லீலாபாயிடம் சொன்னான். அவள் கையில் சென்னைக்குப் போகவேண்டிய முந்திரிக்கொத்துப் பார்சல்.

"உனக்க மச்சானா? மழை பெய்யாதுண்ணு அவன் சொன்னதை நம்பித்தான் எனக்க மாவெல்லாம் முற்றத்துல நனைஞ்சுது" என்று சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, கால் மார்த்தாண்டம் பஸ்ஸைத் தேடியது. முந்திரி ஆலையில் கொட்டை உடைத்து விரல் கறுத்துப்போனவள் லீலாபாய். இப்போது பயறும் கருப்பட்டியும் சேர்த்து முந்திரிக்கொத்து உருட்டுகிறாள். "முந்திரிக்கொத்துல முந்திரி இல்லையே?" என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு, "நான் பார்த்த முந்திரியே போரும்" என்று பதில் போடுவாள். செல்போனுக்குள் இருக்கும் அந்தக் கடை போனால் மறுபடி ஆலைதான்.

மார்த்தாண்டத்தில் வரிக்கணக்கு பார்க்கும் ஷைஜா நிதானமாகச் சொன்னாள்: "முன்ன அப்பிடித்தான் இருந்துது அக்கா. இப்ப சின்ன வியாபாரத்துக்கு அது வேண்டாம். அண்ணைக்கு ஒரு பதிவு எண் எடுத்தோம்லா, அது போரும். தமிழ்நாட்டுக்குள்ள எங்க வேணும்னாலும் அனுப்புங்க. வெளி மாநிலத்துக்கு அனுப்பினா மட்டும் ஜிஎஸ்டி எடுக்கணும், கணக்கு மேல கணக்கு குடுக்கணும்."

"வெளி மாநிலத்துக்கு நான் எதுக்கு மக்கா அனுப்பப்போறேன்?"

உயிர் வந்தது. சாயா வந்தது. பாதி குடித்தபோது லீலாபாய் ஊர்க்கதைக்கு வந்தாள். "சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் பெரிய ஓர்டர். ஜாஸ்மிண்ணு, பெண்ணுக்க அக்கா. தேவகுமார்ட்ட குடுத்து அனுப்பணும்."

"எங்க?"

"பாறசாலைக்கு."

ஷைஜா டம்ளரைக் கீழே வைத்தாள். "அது கேரளாவாக்கும்."

"எனக்க தங்கச்சியக் கெட்டிக்குடுத்த ஊருல்லா!"

"தங்கச்சி வேற, சட்டம் வேற."

வாராவாரம் மீன் வாங்கப் போகிற ஊர் வெளி மாநிலம். ராத்திரி முழுக்க பஸ்ஸில் போனாலும் சென்னை உள்ளூர். லீலாபாய்க்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன. வாக்கு கொடுத்தாயிற்று. வாக்கைக் காத்தால் தலைக்கு மேல் கணக்கு. விட்டால் கல்யாண வீட்டுக்காரர்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

"அனுப்பாதீங்க" என்றாள் ஷைஜா. "அவங்க வந்து உங்க வீட்டுல வாங்கட்டும். கைமாறுறது இங்கதானே, அப்ப இங்க வித்ததுதான். ஜிஎஸ்டி பேச்சே வராது."

"அம்புட்டுதானா பிள்ளே? இதுக்கா நான் வேர்த்தேன்!"

வீட்டுக்கு வந்ததும் பயறை வறுக்கப்போட்டாள். வாசனை எழும்ப, மனசு லேசாயிற்று. அனுப்புகிறேன் என்று சொன்னவள் இப்போது வரச்சொல்ல வேண்டும். கல்யாண நெருக்கத்தில் ஜாஸ்மி வருவாளா, பக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறோம் என்பாளா? வருவாள். ரெண்டு கொத்து கூடுதலாக வைத்தால் வராமலா போவாள்?

ஜாஸ்மியை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பங்கரை ஜன்னலில் சாய்த்து வைத்தாள். பாறசாலையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. லீலாபாய் பயறு கரியாமல் கிளறிக்கொண்டிருந்தாள்.