லித்தியமும் உப்பில்லாச் சோறும்

ஸ்டுட்கார்ட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் காலை இடைவேளைக்குப் பிரெட்சல் வரும். பெரிய முறுக்கு வடிவத்தில் சுட்ட ரொட்டி. மேலே கல் உப்பு ஒட்டியிருக்கும். எனக்கு எதிரே உட்காரும் மார்ட்டின் அந்த உப்பை நகத்தால் சுரண்டித் தட்டின் ஓரத்தில் குவித்துவிட்டுத்தான் தின்பார். நகத்தில் எந்திர எண்ணெயின் கறுப்பு இருக்கும். பார்க்கக் குமட்டும். போன மாதம், என் தட்டில் உதிர்ந்த உப்பை நான் விரல் நுனியால் ஒற்றித் தின்பதை அவர் கவனித்துவிட்டார். "உங்கள் நாட்டில் உப்புக்குத் தட்டுப்பாடா?" என்று கேட்டார். கேலி இல்லை, மெய்யான இரக்கம். தன் குவியலை என் பக்கம் நகர்த்தினார். "டாங்கெ" என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனேன். விளக்க வேண்டுமானால் என் ஊரான வடக்கனந்தலிலிருந்து தொடங்க வேண்டும். இடைவேளை அவ்வளவு நீளமில்லை.

இந்த ஊருக்கு வந்த இரண்டாம் குளிர்காலத்தில் எனக்கு மனம் பிறழ்ந்தது. தூக்கம் தேவையில்லை என்று நம்பி, பனியில் சட்டையில்லாமல் நடந்தேன். அப்போது கொடுக்கத் தொடங்கியதுதான் லித்தியம் மாத்திரை. அதன்மேல் எனக்குப் பகை கிடையாது. என்னைத் தரையில் நிறுத்தியது அது. பதிலுக்கு, பழைய சாவியைச் சப்பியதுபோல் வாயில் எப்போதும் ஒரு ருசியும், விரல்களில் மெல்லிய நடுக்கமும் நிலைத்துவிட்டன. போன சித்திரையில் விடுப்பு எடுத்து வடக்கனந்தலில் அக்கா வீட்டுக்குப் போனபோது, அவள் முதலில் பார்த்தது என் விரல்களைத்தான். திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்: தீமிதி முடியும்வரை தம்பி உப்பில்லாமல் சாப்பிடுவான். எனக்காக வேண்டியது. மறுக்க மனம் வரவில்லை.

காலையில் மாமாவோடு மரவள்ளிக் கொல்லைக்குப் போவேன். எதிரே கல்வராயன் மலை அனலில் கலங்கித் தெரியும். வேர்வை காய்ந்து சட்டையின் முதுகில் வெள்ளையாக உப்புப் பூக்கும். உள்ளே போகாத உப்பு வெளியே மட்டும் வந்துகொண்டிருந்தது. காப்புக் கட்டிய அடுத்த வெள்ளிக்கிழமை டம்ளர் கையில் நிற்கவில்லை. ஞாயிறன்று வயிறு கழிந்தது. செவ்வாயன்று நாக்குக் குழறி, குடிகாரன்போல் சுவரைப் பிடித்து நடந்தேன். எதையும் நாள் கிழமையோடு வைத்துப் பார்ப்பது என் குணம். மாத்திரைப் பெட்டியிலிருந்த துண்டுத்தாளை விரித்துப் படித்தேன். உப்பைக் குறைக்காதீர்கள், குறைத்தால் உடம்பு லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும் என்று ஜெர்மனில் தெளிவாக இருந்தது.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். செய்தித்தாளில் வைத்து வடை தின்றுகொண்டிருந்தார். எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, அதே விரலால் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். கேள்வியை மாமாவிடம் கேட்டார்.

"நடுக்கம் எப்பலேர்ந்துங்க?"

நான் கிழமைகளைச் சொன்னேன்.

"பாத்தீங்களா, கெழம கெழமையா ஒப்பிக்கிறாரு. இதுவே ஒரு அறிகுறிங்க."

"டாக்டர், நான் உப்பில்லாம சாப்ட்டுக்கினு இருக்கேன். அதான் லித்தியம் ஜாஸ்தியாயிருக்கும். ரத்தத்துல அளவு பாக்க எழுதிக் குடுங்க."

"உப்பு கம்மி பண்ணா ஒடம்புக்கு நல்லதுதானே சார்? நானே கம்மிதான்." மிச்ச வடையை வாயில் போட்டுக்கொண்டார்.

"வயித்தால போவுதே?"

"பயத்துல போவும். இன்னா, நெட்டுல படிச்சீங்களா?"

துண்டுத்தாளை நீட்டினேன். அதன்மேல் வடை எண்ணெய் பரவியது. "ஜெர்மன்காரன் அவன் ஊர்க்காரனுக்கு எழுதினது இது. நமக்கு செட்டாவாது," என்றவர் மாமாவிடம் திரும்பினார். "நோவு திரும்புதுங்க. மாத்திரைய ஒண்ணு கூட்டி எழுதறேன். பக்கத்துல நின்னு முழுங்க வைங்க."

எனக்கு அருவருப்பாக இருந்தது. வடையால் அல்ல. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அவர் கண்ணுக்குக் காலியாக இருந்ததால். ஒருவனை ஒருமுறை மனநோயாளி என்று எழுதிவிட்டால், அவன் பேதிகூடக் கற்பனைக் கணக்கில் போய்விடுகிறது. ஸ்டுட்கார்ட் மருத்துவரின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அவர் விடுமுறையில் இருந்தார். எடுத்த பெண் கனிவாகச் சொன்னாள்: "இந்தியாவில் வயிறு கெடுவது சகஜம். தண்ணீரைக் கொதிக்க வைத்தீர்களா?" நான் பிறந்து வளர்ந்த தண்ணீர் அது. அந்தக் கனிவும் அதே அருவருப்பைத் தந்தது.

அன்று சாயங்காலம் மாமா, "இன்னா மாப்ள பண்றது? படிச்சவரு சொல்றாரு," என்று புது மாத்திரையோடு நின்றார். வாயை இறுக மூடிக்கொண்டேன். அடுத்த நொடி அவர் வேட்டியிலேயே வாந்தி எடுத்தேன். அக்கா வெறுங்கையால் அதை வழித்துப் போட்டாள். என் கையைப் பிடித்து, அது உதறுவதைச் சற்றுநேரம் பார்த்தாள்.

"ஒளறினாலும் உண்மையத்தான் ஒளர்றான். அந்த மாத்திரைய தூக்கிப் போட்டுட்டு காருக்குச் சொல்லுய்யா."

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். லித்தியம் நஞ்சாகும் அளவைத் தாண்டியிருந்தது. கூட்டி விழுங்கியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் அங்கிருந்த மருத்துவர். மாத்திரையை நிறுத்தி, கையில் ஊசி குத்திப் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள்.

"இது இன்னா தண்ணி?" என்றாள் அக்கா.

"உப்புத் தண்ணிக்கா," என்றாள் நர்ஸ்.

அக்கா வாயில் கைவைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "வாய்ல போனாதானே வெரதம் கெடும்? நரம்புல போனா கணக்குல வராது," என்றாள்.

"அம்மனுக்கே சட்டம் சொல்றா பாரு," என்றார் மாமா.

வீடு திரும்பிய அன்று என் சோற்றில் அக்காவே உப்புப் போட்டுப் பிசைந்தாள். "மிச்ச வெரதத்த நான் இருக்கறேன். ஒன் கை நடுக்கம் நிக்கற வரைக்கும்," என்றாள். தீமிதி முடிந்தும் நிறுத்தவில்லை.

குறைந்த அளவில் லித்தியத்தை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். பெரிய உதறல் போய்விட்டது. மெல்லிய நடுக்கம் மருந்து உள்ளவரை இருக்கும் என்று இங்குள்ள மருத்துவரும் சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் வீடியோவில் அக்கா, "கையக் காட்டு தம்பி," என்கிறாள். வெயிலில் கொல்லை வேலை செய்பவள் உப்பில்லாமல் இருக்கக் கூடாது என்று கெஞ்சுகிறேன். நடுக்கம் முழுசாக நிற்காது என்று மருத்துவர் சொன்னதையும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"டாக்டர் சொன்னா நம்பிடணுமா? நீ நம்புனியா?" என்கிறாள்.

வடக்கனந்தலில் அவள் வெறும் சோற்றை எடுத்து வைக்கிறாள். நான் கையை மேசையில் அழுத்திப் பிடித்துக் காட்டுகிறேன். அப்படியும் விரல்கள் ஆடுகின்றன. காலையில் வாங்கித் தின்ற பிரெட்சலிலிருந்து நுனியில் ஒட்டிய உப்பு, எனக்காக உப்பை விட்டவள் கண்ணுக்குத் தெரியாமலிருக்க, கையைத் திருப்பிக்கொள்கிறேன்.