வேதத்தில் இல்லாத பெயர்

சென்ற ஞாயிறு மாலை, ஆவடியில் என் நண்பன் வீட்டு ஹாலில், நிறைய டீ இருந்த டம்ளரைக் கீழே போட்டேன். என் கால் மேலேயே கொட்டியது. நன்றாகச் சுட்டது. ஆனால் வீட்டில் இருந்த ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானே என் காலைப் பார்க்கவில்லை என்றால் பாருங்களேன்...

ஏன் போட்டேன்? அதைச் சொல்ல ஒன்பது மாதம் பின்னால் போக வேண்டும். அவசரக்காரர்கள் கடைசிப் பத்திக்குத் தாவிவிடலாம். தாவினால் ஒன்றும் புரியாது. அதனால் உட்காருங்கள்.

நண்பன் பெயர் தேவசகாயம். எனக்குச் சகாயம். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு பேரும் ஒரே ஷெட்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தோம். நான் எழுத்துப் பைத்தியம் முற்றி, வி.ஆர்.எஸ். கொடுத்துவிட்டுக் கரையான்சாவடிக்கு வந்துவிட்டேன். அவன் குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டான்.

சகாயம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். சின்ன வயதில் சர்ச் ஞாயிறு பள்ளியில் வேத வசனங்களை மனப்பாடம் செய்து சோப்பு டப்பா, டார்ச் லைட், எவர்சில்வர் தட்டு என்று பரிசுகளை வாங்கிக் குவித்தவன். வசனத்தை மட்டும் சொன்னால் முழு மார்க் கிடையாதாம். எந்தப் புத்தகம், எத்தனையாவது அதிகாரம், எத்தனையாவது வசனம் என்று விலாசத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். ஐம்பத்தைந்து வயதிலும் விலாசத்தோடுதான் சொல்வான். லேத் மெஷின் முன்னால் நின்றுகொண்டு சொல்வான். "டேப் ரிக்கார்டரை ஆஃப் பண்ணுடா" என்பேன் நான். எனக்குக் கோயிலும் தூரம், சர்ச்சும் தூரம். மனப்பாடம் என்பது கிளிப்பிள்ளை வேலை என்பது என் அபிப்பிராயம்... இருந்தது.

அவன் மனைவி பெயர் கருமாரி. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். திருவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பத்துப் பெண். காதல் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் சர்ச் பெரியவர்கள் கூடி, பெண்ணுக்குச் சாராள் என்று பெயர் வைத்துவிடலாம் என்றார்கள். அவள் தலையாட்டத் தயாராகத்தான் இருந்தாள். சகாயம்தான் குறுக்கே விழுந்தான்.

"எனக்குக் கருமாரியத்தான் பிடிச்சிருக்கு. சாராள் யாருன்னே எனக்குத் தெரியாதுல்லா! தெரியாத பிள்ளைய நான் எப்படிக் கட்டுவேன்?"

பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கருமாரி கருமாரியாகவே சர்ச்சுக்குப் போனாள். மகள் எஸ்தர் பிறந்து ஞாயிறு பள்ளி போக ஆரம்பித்ததும், அவளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பதற்காகத் தானும் படித்தாள். படித்துப் படித்துப் புருஷனுக்கே சவால் விடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். சமையலறையிலிருந்து இவள் பாதி வசனம் சொல்வாள், ஹாலிலிருந்து அவன் மீதியைச் சொல்வான். நான் நடுவில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பேன்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால், ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சகாயத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போய்விட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. கை கால் மெதுவாக வரும் என்றார் டாக்டர். பேச்சு? உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டுக்கு வந்தவனுக்கு "ம்... ம்..." தவிர ஒன்றும் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிந்தது. ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியவில்லை. கேட்க முயன்று முயன்று, கடைசியில் கண்ணில்தான் தண்ணீர் வரும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு பகல் ஜெபக்குழு வீட்டுக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். தலைமை, ஞானமணி அக்கா. தங்கமான மனுஷி, கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் பாதி நடக்கும்போது, கட்டிலில் படுத்திருந்த சகாயம் வாயைத் திறந்தான். தெளிவாக, தட்டுத் தடங்கல் இல்லாமல், ஒரு முழு வசனம்! எழுந்து ஆற்றைக் கடந்து போகச் சொல்கிற வசனம். விலாசத்தோடு!

கூட்டம் அப்படியே உறைந்துவிட்டது. எனக்குத் தெரியாத ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சர்ச் வழக்கில் ஆற்றைக் கடப்பது என்றால் சாதாரணக் கடப்பு இல்லை. அக்கரை என்றால் பரலோகம்.

"பிரதருக்கு அழைப்பு வந்துட்டு" என்றார் ஞானமணி அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆயத்தமாயிட்டாங்க."

அவ்வளவுதான். அடக்க ஆராதனையில் பாடுகிற பாட்டுகளை ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் வெளியே போய்த் திருநெல்வேலிக்குப் போன் போட்டார். எஸ்தர் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். நான்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்காக இரங்கல் கட்டுரையை மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் வரி நன்றாகவே வந்திருந்தது.

கருமாரி மட்டும் அழவில்லை. அவனுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது போர்வையை விலக்கப் பார்த்தது. இடது கால் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தது.

"ஐய, நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். "அவரு எங்கியும் போவல. எழுப்பி உடச் சொல்றாரு. ஒண்ணுக்குப் போவணும்!"

பாட்டு பாதியில் நின்றது. நானும் அவளும் அவனைத் தாங்கிப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனோம். திரும்பி வந்து உட்கார்ந்தவன், அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்து, வராத பாதி முகத்தை விட்டுவிட்டு வந்த பாதி முகத்தால் சிரித்தான்.

வாசல் வரை என்னை வழியனுப்ப வந்த கருமாரியின் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

"பாத்தீங்களாண்ணா? அவரு சும்மா ஒளறல. தேடிப் புடிச்சி சொல்றாரு. ஆளு உள்ளதான் கீறாரு. நான் வெளிய இட்டாந்துடுவேன்."

பூந்தமல்லியில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்கிறார். சின்னப் பெண். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. "இப்படி நடக்கும்மா. சிலருக்குப் பாட்டு தப்பிச்சிருக்கும், சிலருக்கு மனப்பாடம் பண்ணது தப்பிச்சிருக்கும். அதையே புடிச்சுக்கிட்டு ஏறிப் பார்க்கலாம். ஆனா சொந்த வார்த்தை வரும்னு நான் கேரண்டி குடுக்க மாட்டேன்" என்றார். கருமாரி கேரண்டி கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு பக்கம் இழுக்கிற புருஷனை ஆட்டோவில் ஏற்றி இறக்கி, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அலைந்தாள்.

வீட்டில் தினமும் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் வகுப்பு. இவள் ஒரு வசனத்தைக் கடைசி வார்த்தை மட்டும் விட்டுச் சொல்வாள். அவன் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல வேண்டும். 'தண்ணீர்' என்று வந்ததும் டம்ளரை எதிரே நீட்டுவாள். வசனம் இல்லாமல் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னால்தான் டம்ளர் கைக்கு வரும். கல்நெஞ்சக்காரி! தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிச் சுவர் முழுக்க ஒட்டியும் வைத்தாள் — அவன் எந்த வசனம் சொன்னால் என்ன வேண்டும் என்று அர்த்தம். ஆட்டு மந்தை புல்வெளியில் படுத்தால் தூக்கம். நோவாவின் கப்பல் வந்தால் குளியல். காற்றையும் கடலையும் அதட்டினால், டிவி சத்தத்தைக் குறை!

ஆறு மாதத்தில் அப்பம், மீன், உப்பு, எண்ணெய், விளக்கு எல்லாம் தனித்தனி வார்த்தையாக வந்துவிட்டன. இட்லி வேதத்தில் இல்லை. அதுவும் அப்பம்தான். சாம்பார், கூழ். எஸ்தரின் பெயர் வேதத்திலேயே இருப்பதால் சுலபமாக வந்துவிட்டது. என் பெயர் அங்கே இல்லை. ஆனாலும் என்னை விடவில்லை அந்தப் பாவி. ஒரு நாள் உள்ளே நுழைந்ததும் இடது கையை நீட்டி, "சகேயு!" என்றான். வேதத்தில் சகேயு என்பவர் கூட்டத்தில் எட்டிப் பார்க்க முடியாமல் மரத்தில் ஏறிய குள்ளர். நான் ஐந்தடி இரண்டு அங்குலம். வீடே சிரித்தது.

"உனக்கு எங்கிருந்து இவ்வளவு நம்பிக்கை?" என்று கருமாரியை ஒரு தடவை கேட்டேன்.

"ஆண்டவரு குடுக்க வேண்டியத எப்பவோ குடுத்துட்டாருண்ணா. சின்னப் புள்ளையிலயே இவரு வாயில போட்டு வெச்சிக்கீறாரு. எடுக்க வேண்டியது என் வேல."

நம்பிக்கை என்றால் கண்ணை மூடிக் கைகூப்பிக் காத்திருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நம்பினாள். முழங்கால் போட்டு ஜெபித்ததை விட முழங்கை வலிக்க அவனைத் தூக்கி உட்காரவைத்ததுதான் அதிகம். நல்ல நாளில் சும்மா ஒப்பித்து வைத்த சொல் கெட்ட நாளில் கைப்பிடியாக வந்து நிற்கும் என்று கிளிப்பிள்ளையைக் கிண்டல் செய்த எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று மட்டும் வரவில்லை. அவளுடைய பெயர்.

எப்படி வரும்? எந்த அதிகாரத்தில், எத்தனையாவது வசனத்தில் கருமாரி இருக்கிறாள்? தினமும் வகுப்பு முடியும்போது தன் நெஞ்சைத் தொட்டு, "நான் யாரு, சொல்லுங்க?" என்பாள். அவன் கழுத்து நரம்பு புடைக்கும். "எஸ்... சா... மரியாள்" என்பான். அது இல்லை என்று அவனுக்கே தெரியும். தலையை ஆட்டி ஆட்டி அழுவான்.

ஞானமணி அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "மரியாள்னே இருக்கட்டுமே கருமாரி. கூப்பிட வருதுல்லா, அது போதாதா?"

"வேணாங்க்கா" என்றாள். "மாத்தக் கூடாதுன்னு அவரு புடிச்சி வெச்ச பேரு. அவரே கூப்புடட்டும்."

அன்று கேட் வரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அன்னிக்கே சாராள்னு மாத்திக்கினு இருந்தா, இன்னிக்கி எம்பேரச் சொல்லிக் கூப்ட்டிருப்பாரு இல்லண்ணா?"

வாரா வாரம் இங்கே வாய் கிழிய எழுதுகிறவன், கேட் தாழ்ப்பாளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே வேதப் புத்தகத்தையும் சுவரில் இருந்த தாள்களையும் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். மூன்று நாள் வகுப்பு இல்லை. போன் செய்தால், "முடியலண்ணா" என்ற ஒரே பதில். எனக்குப் பயமாக இருந்தது. அவனுக்குப் பேச்சு வராவிட்டால் சமாளிக்கலாம். இவள் உட்கார்ந்துவிட்டால்?

நாலாம் நாள் காலை கஞ்சி கொண்டுபோயிருக்கிறாள். சகாயம் தானாக ஒரு வசனத்தை ஆரம்பித்தானாம். சோர்ந்துபோகிறவனுக்குப் பலம் கிடைக்கும் என்கிற வசனம். கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்தினான். அவளைப் பார்த்து இடது கையை நீட்டினான்... சொல்லு! அவள் பேசவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து அதே இடத்தில் நிறுத்தினான். மூன்றாம் தடவை கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கடைசி வார்த்தையை அவள் சொன்னாள். அவள் வித்தையை அவளிடமே காட்டிவிட்டான். அன்று மாலை சுவரில் தாள்கள் மறுபடி ஏறின. பழையபடி வகுப்பு. பழையபடி, "நான் யாரு, சொல்லுங்க?" இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு நாள் விடாமல்.

இப்போது சென்ற ஞாயிறுக்கு வருகிறேன்.

நானும் சகாயமும் ஹாலில். எஸ்தர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கருமாரி இருவருக்கும் டீ கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பக்கவாதத்தோடு சர்க்கரை நோயும் வெளியே வந்ததால், அவனுக்குச் சர்க்கரை கிடையாது. ஒரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"கருமாரி!"

"இன்னாங்க? இருங்க, வரேன்..." உள்ளேயிருந்து பதில் வந்தது. இருபத்தைந்து வருடமாகச் சொல்லிப் பழகிய அதே சலிப்போடு!

அப்புறம் குழாய்ச் சத்தம் நின்றது. ஒரு பாத்திரம் விழுந்தது. என் கையிலிருந்த டம்ளரும் அப்போதுதான் விழுந்தது.

சோப்பு நுரை சொட்டுகிற கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். "இன்னா சொன்னீங்க?"

அவன் மூச்சை இழுத்தான்.

"கரு... மாரி." பிறகு டம்ளரைக் காட்டி, "சக்... கரை."

வேதத்தில் தேன் உண்டு, சர்க்கரை இருக்கிற மாதிரி தெரியவில்லை என்கிறாள் எஸ்தர். அப்படியென்றால் இரண்டும் அவன் சொந்த வார்த்தைகள்.

கருமாரி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் சிரித்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கூப்பிடச் சொல்லிக் கேட்டாள். அவனும் சளைக்காமல் கூப்பிட்டான், ஒவ்வொரு தரமும் டம்ளரைக் காட்டியபடியே.

சர்க்கரை மட்டும் அவள் போடவில்லை!