ஊட்டிய கை

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது என் மனைவிக்குப் பேச்சு தெளிவாகவே இருந்தது. காலை இழுத்து இழுத்து நடந்தாள். வலது கைதான் அசைவில்லாமல் மடியில் கிடந்தது. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றாள், கரண்டியும் வேண்டாம் என்றாள். அதனால் நான் பிசைந்து ஊட்டினேன்.

பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பூந்தமல்லியிலிருந்து பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி ஸ்கூட்டரில் வருவாள். மேசையில் துண்டை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தள்ளச் சொல்வாள். சப்பாத்தி மாவைப் பிடித்துப் பிசையச் சொல்வாள். விரல்கள் கொஞ்சம் மடங்கத் தொடங்கியதும், "இனிமே ஆன்ட்டியே சாப்பிடட்டும் சார். சிந்தினா சிந்தட்டும்" என்றாள். தலையாட்டினேன். அவள் போனதும் நானே ஊட்டினேன்.

சோறு ஆறிவிடுகிறது, புடவை பாழாகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அந்த மாத அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. தெருவிலுள்ள எங்கள் தேவாலயப் பங்குக் குடும்பங்கள் வந்திருந்தன. ஜெபித்துவிட்டு எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். எல்லார் முன்னாலும் அவளுக்கு ஊட்டினேன். ஒரு பெண்மணி கண்கலங்கினார். இன்னொருவர் தன் கணவரிடம், "பாத்துக்கோங்க. எனக்குத் தலைவலின்னா ஒரு காப்பி போட்டிருப்பீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சமைத்துப் போட்டதைச் செய்தித்தாளிலிருந்து கண்ணெடுக்காமல் தின்றே காலத்தைக் கழித்தவன் நான். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது. தட்டை நோக்கி நகர்ந்த அவள் வலது கையை மெல்ல எடுத்து மறுபடி மடியில் வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

சில வாரங்கள் கழித்துப் பிசியோதெரபிஸ்ட் பெண் என் மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "தோள் நல்லா தூக்குது. விரல் மட்டும் ஏன் அப்படியே நிக்குது? சாப்பிடுறது யார் கை, ஆன்ட்டி?"

"அவர் கைதான். அது நல்லா தேறிட்டு வருது" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஆரம்ப மாசங்கள்லதான் சார் கை வேகமா திரும்பும். அப்புறமும் வரும், ஆனா மெதுவாத்தான்."

அவள் கிளம்பியபின் என் மனைவி சொன்னாள்: "நீங்க ஊட்டுறது நல்லாத்தாங்க இருக்கு. ஆனா என் வாய்க்கு நானே போட்டுக்கணும்."

அன்று மதியம் பருப்புச் சாதத்தைக் கெட்டியாகப் பிசைந்து, தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி போட்டு அவள் முன் வைத்தேன். முதல் கவளம் மேசையில் விழுந்தது. அடுத்தது மோவாயில் ஒட்டியது. என் கை தானாக எழுந்தது.

"உங்க சோத்தை நீங்க சாப்பிடுங்க."

பிறகு கொஞ்சம் பருக்கைகள் உள்ளே போயின. நிதானமாக மென்றுவிட்டு, உப்பு போதவில்லை என்றாள்.

அந்தக் கை முழுவதுமாகத் திரும்பவில்லை. இன்றும் கட்டைவிரல் தயங்குகிறது. அதில் என் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. நிறைய என்றே நான் நினைக்கிறேன். இப்போது நான் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன், என் கையும் காய்ந்துவிடுகிறது. ஆனாலும் அவள் கடைசிப் பருக்கையை வழித்தெடுக்கும்வரை எழுந்திருப்பதில்லை.