மாலை பட்டனை அழித்த சுந்தரி அக்கா

சுந்தரி அக்கா இறந்துவிட்டார்.

காலை ஏழரைக்கு அவர் கணவர் போன் செய்தார். நெஞ்சு வலி என்றாராம், ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் நானும் அவரும் நான்கு வருஷம் பக்கத்துப் பக்கத்து சிஸ்டத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்தோம். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார்.

போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒரு சின்ன வேலைக்குப் பத்து மெனு திறக்க வேண்டும். அக்காவுக்கு அது பொறுக்காது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, தானே ஒரு டூல்பார் செய்துவிட்டார்.

திரையின் ஓரத்தில் வரிசையாகச் சின்ன பட்டன்கள், எல்லாம் தமிழில். 'நெத்தி எண்ணெய் எடு'. 'கண்ணைத் திற'. 'மாலை'. ஒரு கிளிக் போதும், படத்தில் இருப்பவர் கழுத்தில் மாலை விழுந்துவிடும்.

கேட்ட ஸ்டுடியோவுக்கெல்லாம் அவரவர் வேலைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுப்பார். கண்டாச்சிபுரம் கடைக்கு பாஸ்போர்ட் சைஸ் பட்டன் முதலில் இருக்கும். பொம்மையார்பாளையத்தில் கடற்கரை ஜோடி படங்கள்தான் அதிகம், அவர்களுக்கு வானத்தை நீலமாக்கும் பட்டன்.

அந்த 'மாலை' பட்டன்தான்...

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரம்மதேசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. கழுத்தில் மாலையோடு நான். பக்கத்தில் மாலையோடு ஒரு ஆள். அவனை நான் பார்த்ததே இல்லை. கீழே, 'பதிவுத் திருமணம் முடிந்தது, வாழ்த்துகள்'.

சித்தப்பா வந்தார், என் போனைப் பிடுங்கினார், வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"எந்த ஊரு, எந்த ஜாதி... அத மட்டும் சொல்லு."

இரண்டு நாள் அறைக்குள் இருந்தேன். யாரும் அடிக்கவில்லை. சோறு வைக்கும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

படம் அதற்குள் ஸ்டுடியோ வரைக்கும் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுந்தரி அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அக்கா காலனியில் பிறந்தவர். எங்கள் தெருவில் தனியாக வந்து, இப்படி ஒரு விஷயத்துக்காக நிற்பது என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும். உதடெல்லாம் காய்ந்திருந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

என்னையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"ஐயா, இது ஒட்டுன படம். இந்த மாலைய நான்தான் செஞ்சேன்."

சித்தப்பா எழுந்துவிட்டார். "அப்ப நீதான் பண்ணியா?"

"மாலை என்னுதுங்க. படம் நான் பண்ணல. என் டூல்பார வெச்சிக்கினு இருக்கிற ஏதோ கடையில பண்ணியிருக்காங்க. மூணாவது ரோஜாவப் பாருங்க, நெழலு தப்பான பக்கம் வுழுது. அவசரத்துல பண்ணேன், திருத்தாமயே வுட்டுட்டேன். ரெண்டு பேரு மாலையிலயும் அதே தப்பு இருக்குது."

"கம்ப்யூட்டர வெச்சிக்கினு எங்களுக்குக் கத சொல்ல வந்தியா?"

அக்கா சித்தப்பாவையே போனில் ஒரு படம் எடுத்தார். தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். இரண்டு நிமிஷம்தான்... திரையில் மாலையும் கழுத்துமாகச் சித்தப்பா, பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு கல்யாணப் பெண்.

அக்காவை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"அழி... ஜல்தியா அழிம்மா. எவனாச்சும் பாத்துடப் போறான்."

சித்தப்பாவின் குரலா அது என்று இருந்தது.

"பாத்தா இன்னா, பொய்தான?" என்றார் அம்மா. "ரெண்டு நாளா இவ அதத்தான சொல்லிக்கினு இருந்தா? யாரு கேட்டோம்?"

சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்து அழுதார்.

அக்கா அதோடு விடவில்லை. தன் டூல்பார் இருந்த ஒவ்வொரு கடைக்கும் பஸ் பிடித்துப் போனார். ஒரு கடையில் ஆபரேட்டர் ஒப்புக்கொண்டார். என்னைப் பெண் கேட்டு, அப்பா மறுத்து அனுப்பிய ஒருவன், விளையாட்டுக்கு என்று சொல்லி அந்தப் படத்தைச் செய்து வாங்கிப் போயிருக்கிறான். அப்பா போலீஸில் புகார் கொடுத்தார். அதே குரூப்பில் அவன் மன்னிப்பு கேட்டான். ஆனாலும் வெகுநாள் நான் தனியாக பஸ் ஏறவில்லை.

எல்லாக் கடையிலும் அந்த 'மாலை' பட்டனை அழித்துவிட்டு வந்தார் அக்கா. முகூர்த்த மாசத்துல இன்னா பேஜாரு பண்றீங்க என்று ஒவ்வொருவரும் சண்டை போட்டார்களாம்.

அப்புறமும் அவருக்கு நிம்மதி இல்லை. டீ குடித்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று சொல்வார்.

"பட்டன எடுத்துட்டேன் தேவி. எவன் எவன் பென்டிரைவ்ல காப்பி வெச்சிக்கினு இருக்கானோ... இன்னொரு பொண்ணுக்கு இன்னொருத்தி போய் நிப்பாளா?"

நான் டீயை மட்டும் குடிப்பேன்.

போன மாதம் கூடப் பேசினார். "உன் பொண்ணு போட்டோவ டிபியில வெச்சிருக்கியே, எடுத்துடுடி. இப்பல்லாம் பட்டன் கூட வேணாமாம், வாயால சொன்னாலே படம் வருதாம்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

போஸ்டர் அடிக்க ஒரு படம் வேண்டும் என்று அவர் கணவர் கேட்டார். என் போன் முழுக்கத் தேடினேன், ஒன்றுகூட இல்லை. தன்னைப் படம் எடுக்க எங்களை விட்டதே இல்லை. ஆதாரில் இருப்பதைக் கொடுக்கச் சொன்னேன்.

உங்களில் யாரிடமாவது அவர் படம் இருந்தால், தயவுசெய்து கமென்ட்டில் போடாதீர்கள். பயப்படுவார்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். பஸ் விக்கிரவாண்டி தாண்டிவிட்டது.

வந்துக்கினே இருக்கேன்கா...