மணமேடை ஏறிய கார்

பிறருடைய பொருளைச் சுற்றிக் கயிறு கட்டி, அதைத் தொடாமல் பார்த்துவிட்டுப் போகும்படி ஊராரைக் கேட்டுக்கொள்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. மயிலாப்பூரில் ஒரு பந்தல் காண்ட்ராக்டரிடம் மேற்பார்வையாளன். கல்யாணம், கச்சேரி, கட்சி மாநாடு, எது வந்தாலும் கயிறு ஒன்றுதான். உள்ளே நிற்பதுதான் மாறும். நீங்களும் என்றாவது யாருடைய பட்டுப்புடவைக்கோ, வெள்ளிக் குத்துவிளக்குக்கோ, புது ஸ்கூட்டருக்கோ காவல் நின்றிருப்பீர்கள். அப்படி நின்றவர்களிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

முதலிலேயே ஒன்று. கடைசியில் வருகிற விஷயத்தை நானே பல வருஷமாகச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். சொன்னவன் பொய்க்காரன் என்பதால் அல்ல. கேட்டவுடனே எனக்கு அது மிகவும் பிடித்துப் போய்விட்டது, அதனால்தான். நமக்குப் பிடிக்காதவர்களைப் பற்றி நமக்குப் பிடித்தமான செய்தி ஒன்று கிடைத்தால் யாருக்கு விசாரிக்கத் தோன்றும்?

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. கல்யாணம் இல்லாத மாதம், மண்டபங்கள் எல்லாம் காலி. தி. நகரில் ஒரு மண்டபத்தைக் கார்க்காரர்கள் சங்கம் ஒன்று வாடகைக்கு எடுத்து, தங்கள் கார்களை உள்ளே நிறுத்திக் காட்டியது. சாதாரணக் கார்கள் அல்ல. வெட்டி, ஒட்டி, நீட்டி, செய்த கம்பெனிக்கே அடையாளம் தெரியாமல் ஆக்கப்பட்ட கார்கள். மிகச் சிறந்ததற்கு வெள்ளிக் கோப்பை. மண்டபத்துக்காரர் நெருப்புக்குப் பயந்து ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: பெட்ரோலை வடித்துவிட வேண்டும், பாட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். ஆகவே எல்லாக் கார்களும் வாசலிலிருந்து தள்ளப்பட்டே உள்ளே வந்தன.

வால் முளைத்த வண்டி

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவருடையது பழைய அமெரிக்க வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் தகரத்தில் வால் வைத்திருந்தார். மூக்கில் வெள்ளித் தகட்டில் ஒரு மயில். உள்கூரைக்குத் தன் கடைப் பட்டுத்துணியையே ஒட்டி, ஜரிகைக் கரை ஜன்னல் ஓரமாக ஓடும்படி தைக்க வைத்திருந்தார். வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே கடை, நடந்தே போய்வருவார். கார் வருஷம் முழுக்க ஷெட்டில் போர்வைக்குள் கிடக்கும். தெருவில் ஓட்டினால் தூசி ஏறும் என்று மண்டபம் வரைக்கும் அதைக் கடை ஆட்கள் தள்ளிக்கொண்டே வந்தார்கள். பின்னாலேயே ஒருவர் ஈரத்துணியோடு டயரைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

தள்ளிய காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை யூனிபார்மும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தவன் டிரைவர் தேசிங்கு. பட்டினப்பாக்கத்துக்காரன், என் வயதுதான் இருக்கும். கண்காட்சி நடக்கிற நேரமெல்லாம் அவன் உள்ளேயே அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவனும் அலங்காரத்தில் சேர்த்தி. போன வருஷம் கோப்பை வேறொருவருக்குப் போய்விட்டதாம். இந்தத் தடவையும் வராவிட்டால் வண்டியை விற்றுவிடப்போவதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார். நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது தேசிங்கு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னான்: "இந்த வண்டி கீற வரைக்கும்தான் சார் நானும் கீறேன்."

மணமேடை

மணமேடை யாருக்கு என்பதில் முதல் சண்டை. கார்க்காரர்கள் எல்லோருக்கும் மேடைமேல் ஏற ஆசை. மயிலாப்பூர் வக்கீல் ஒருவர், கூரையை அறுத்தெறிந்த ஹெரால்டு கார் ஒன்றை நாவல்பழ நிறத்தில் அடித்து எடுத்து வந்திருந்தார். மேடை கிழக்குப் பார்த்திருப்பதாகவும், தன் ஜாதகத்துக்குக் கிழக்குதான் சரி என்றும் வாதாடினார். கடைசியில், மேடைக்கான பூச்செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டதால் அண்ணாச்சியின் வண்டி மேலே ஏறியது. அதற்காகப் பலகை அடித்துச் சரிவு கட்டியது நாங்கள். தள்ளும்போது அண்ணாச்சி கூடவே நடந்து, பலகையை அல்ல, எங்கள் மூச்சுக்காற்று படுகிற இடங்களைக் கவனித்துக்கொண்டு வந்தார்.

முந்தின மாதம் அதே மேடையில் நடந்த கல்யாணத்துக்குக்கூட நாங்கள் இவ்வளவு வாழைமரம் கட்டவில்லை என்று சும்மா சொல்லி வைத்தேன். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு மாப்பிள்ளைய விட நம்ம வண்டி லட்சணமாத்தான தம்பி இருக்கு," என்றார்.

கண்ணாடி

மேடை கிடைக்காத வக்கீல் கண்ணாடியில் பழிவாங்கினார். ஹெரால்டின் அடிவயிற்றை முழுக்க முலாம் பூசியிருந்தார். அதைக் குனியாமல் பார்க்க, காருக்கு அடியில் பெரிய பெரிய நிலைக்கண்ணாடிகளைப் படுக்கப் போடச் சொன்னார். நான்கு சக்கரமும் பித்தளை முக்காலிகள்மேல். டயரில் ஷூ பாலிஷ். தரையில் படாத டயருக்கு எதற்குக் கறுப்பு என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். வெளியே கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

கதவு திறந்ததும் கூட்டம் அங்கேதான் மொய்த்தது. வக்கீலுக்கு முகம் கொள்ளாத பூரிப்பு. பக்கத்தில் போய்ப் பார்த்தால், ஆண்கள் தலைசீவிக்கொண்டும் பெண்கள் பூவைச் சரிசெய்துகொண்டும் இருந்தார்கள். குழந்தைக்குப் பொட்டு வைத்து முடித்த ஒரு அம்மாள், என்னைச் சங்கத்துக்காரர் என்று நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள்: "எல்லா வண்டிக்கும் இது மாதிரி ஒரு கண்ணாடி போட்டிருக்கலாமே சார், வந்ததுக்கு உபயோகமா இருந்திருக்கும்."

பாலிதீன்

அடையாறு டாக்டர் ஒருவர் தன் அம்பாசிடரைப் படகுபோல் நீட்டியிருந்தார். அழகான வேலை என்றுதான் ஞாபகம்; முழுசாக நான் பார்த்ததில்லை. ஸீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, உறைமேல் துண்டு, ஸ்டியரிங்குக்குக் கம்பளி. எல்லாவற்றுக்கும் மேலே காரின் தலை முதல் வால் வரை பாலிதீன் தாள். ஜனங்களின் கைவேர்வையில் உப்பு இருக்கிறது, அது பெயின்ட்டை அரிக்கும் என்று எனக்கு நின்றபடியே வைத்தியப் பாடம் நடத்தினார். கயிறு எட்டடி தள்ளிக் கட்டியிருக்கிறதே என்றேன். தும்மினால் என்ன செய்வீர்கள் என்றார்.

நடுவர் வரும்போது மட்டும் தாளை எடுப்பதாக ஏற்பாடு. அதுவரை டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஒரு மூட்டையைச் சுற்றிவந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு என் காதருகே வந்து விசாரித்தார்: "உள்ள காரு கீதா நைனா, இல்ல யாருனா போய்ட்டாங்களா?"

திருஷ்டி

அண்ணாச்சி நம்பியது பாலிதீனை அல்ல. முன் பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும். பின் பம்பரில் கோரமுகம் வரைந்த பூசணிக்காய். பளபளக்கிற வெள்ளைக் கதவில் கறுப்பு மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு. விளக்கெண்ணெய் மை வழிந்து கைப்பிடி வரை கோடு போட்டிருந்தது. ஊரார் கைபட்டால் கறையாகிவிடும் என்று என்னிடம் கயிறு கேட்டவர் தானே வைத்த கறை அது.

பானெட்டின் மேல் வாழையிலை பரப்பி மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, சுற்றிலும் முழம் முழமாகச் சாமந்தி. கற்பூரம் ஏற்ற மண்டபத்துக்காரர் விடவில்லை. அதற்காக அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டுக்கொண்டது பிள்ளையாரிடமும் அல்ல, எங்களிடமும் அல்ல. பானெட்டைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "கொஞ்சம் பொறுத்துக்கிடும்மா, வீட்டுக்குப் போயி ஏத்துதேன்."

ஒரு ரவுண்டு

நடுவர் வர வேண்டிய நாளில் வக்கீல் ஒரு குண்டைப் போட்டார். ஓடுகிற வண்டிக்குத்தான் கோப்பை என்று சங்கத்தின் விதியில் இருக்கிறதாம். ஆகவே எல்லோரும் பெட்ரோல் ஊற்றி, அவரவர் டிரைவரோடு பனகல் பார்க்கை ஒரு ரவுண்டு வந்து காட்ட வேண்டும் என்றார். மேடையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அண்ணாச்சி அசரவில்லை. ஓட்டிக் காட்டுவதற்கென்ன, டிரைவர் எதற்கு இருக்கிறான் என்றார்.

அந்த டிரைவரை நான் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான், நெற்றியெல்லாம் வேர்வை. யாரும் பார்க்காதபோது மேடைக்குப் பின்னால், சமையல்கட்டுக்குப் போகும் நடையில், என்னைப் பிடித்துக்கொண்டான். பூந்தொட்டியும் வாழைமரமும் எடுக்க முடியாது, சரிவுப் பலகை மறுபடி தாங்காது என்று எதையாவது சொல்லி வண்டியை வெளியே எடுக்கவிடாமல் செய்ய வேண்டுமாம். ஏன் என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வண்டில இஞ்சினே இல்ல சார். அண்ணாச்சி எப்பவோ எறக்கி வித்துட்டாரு. வெளிய தெரிஞ்சா கப்பும் பூடும், என் வேலையும் பூடும்."

வெட்டிப் பேச்சு

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பட்டுக்கூரை, வெள்ளி மயில், வால், உள்ளே ஒன்றுமில்லை. இந்த மனிதர்களைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் ஒரே வரியில் கிடைத்துவிட்டது. தேசிங்கின் வேலையை நினைத்துப் பலகை தாங்காது என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அதற்குத் தேவையே இருக்கவில்லை.

முதலில் டாக்டர் எழுந்தார். பனகல் பார்க் ஓரத்தில் மாடுகள் நிற்கும், வண்டியைக் கொண்டுபோக முடியாது என்றார். இன்னொருவருக்கு டயரில் பாலிஷ் உரியும் என்று பயம். மற்றொருவர் ஸீட்டில் இதுவரை யாரையும் உட்காரவிட்டதில்லை. கடைசியில் ஒருவர், யோசனை சொன்னவரே முதல் ரவுண்டு போகட்டும் என்றார். வக்கீல் முக்காலியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், ஷூ பாலிஷைப் பார்த்தார். கோர்ட்டில்கூட அவ்வளவு வேகமாக வழக்கை வாபஸ் வாங்கியிருக்கமாட்டார். "என்ன ஓய் வெட்டிப் பேச்சு, ஓட்டறதுக்கா இதையெல்லாம் இங்க கொண்டுவந்து வச்சிண்டிருக்கோம்?" என்றார்.

கோப்பை

நடுவர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு காரிலும் பானெட்டைத் திறக்கச் சொல்லி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மேடை ஏறினார். தேசிங்கு உள்ளே சிலைபோல் உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங்கில் அவன் விரல்கள் வெளுத்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன். நடுவர் பானெட்டருகே வந்தார், பிள்ளையாரைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு உள்கூரையின் ஜரிகையை ரொம்ப நேரம் தடவிப் பார்த்து, என்ன விலை என்று கேட்டார்.

கோப்பை அண்ணாச்சிக்கு. தேசிங்கின் வேலை தப்பியது. பூக்களைப் பிரித்துக்கொண்டே, நடுவர் எஞ்சினைப் பார்க்கவில்லையே என்று அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தபடி சொன்னேன். ஒரு சலனமும் இல்லை. "எஞ்சினையா பாக்க வாரான்? எல்லாப் பயலும் பட்டைத்தான பாக்கான்," என்றார்.

மீன் கடை

இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. பந்தியில், பஸ்ஸில், மாமனார் வீட்டில். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி காலமான பிறகு அவர் கடையிலிருந்த பழைய விற்பனையாளரிடமும் சொன்னேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணாச்சியின் மகன் அந்த வண்டியை விற்றபோது, வாங்கிய பாலவாக்கத்துக்காரர் பெட்ரோல் ஊற்றிப் புது பாட்டரி மாட்டித் தானே ஓட்டிக்கொண்டு போனாராம். முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆயிற்றாம்.

விற்பதற்காக மகன் எஞ்சின் வாங்கிப் போட்டிருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இருந்தும் ஒன்று உறுத்தியது. ஓட்டிக் காட்டுதோம் என்று அண்ணாச்சி அவ்வளவு நிதானமாகச் சொன்னது நடிப்பென்றால், வேர்க்க வேண்டியது அவருக்கல்லவா, தேசிங்குக்கு மட்டும் ஏன் வேர்த்தது? அந்த ஊரையே நான் ஏளனம் செய்தேன், பார்க்காமலேயே பரிசு கொடுத்தார்கள் என்று. பானெட்டின் மேலிருந்த பூவையெல்லாம் பிரித்தவன் நான். ஒரு விரலால் தூக்கிப் பார்த்திருக்கலாம். தொடாதீர்கள் என்று ஊருக்குச் சொல்லியே எனக்கும் அது பழகிவிட்டதோ என்னவோ.

போன மாதம் பட்டினப்பாக்கத்தில் தேசிங்கைப் பார்த்தேன். மனைவியின் மீன் கடையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது, என்னைப் போலவே. அண்ணாச்சி சாகிறவரை வேலையில் வைத்திருந்தாராம். வருஷத்துக்கு ஒரு தரம் யூனிபார்ம், மற்ற நாளெல்லாம் ஷெட்டில் துடைப்பது. தூசிக்குப் பயந்து வண்டியை ஒரு நாள்கூட ரோட்டில் ஓட்டச் சொன்னதில்லை, தங்கமான மனுஷன் என்றான். கடைவாசலில் ஒரு லோடு வேன் நின்றது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிவர வாங்கினதாம். நீதானே ஓட்டுகிறாய் என்றேன். "புள்ள ஓட்டுவான் சார், நான் பக்கத்துல குந்திக்கினு போவேன்," என்றான். மறுபடி ஐஸ் உடைக்கக் குனிந்தான். எஞ்சின் இல்லை என்ற அந்தக் கதையால் அன்றைக்குக் காப்பாற்றப்பட்டது எது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆயுசு முழுக்கக் கயிற்றுக்கு வெளியே நின்றவன் ஒரே ஒரு தரம் அதைத் தாண்டிக் கேட்டது இவ்வளவுதான்: "தேசிங்கு, எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு, உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"