அக்கா மடித்துக் கொடுத்த பொட்டலங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுத மாமாவாகிய என்னைவிட்டால் ஆள் இல்லை என்று அக்காவின் மகள் என்னிடம் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். ஒருவரை இத்தனை காலம் கூர்ந்து கவனிக்க வெறும் பாசம் போதாது, பொறாமையும் வேண்டும். என்னிடம் இரண்டும் இருந்தன. எது அதிகம் என்று என் மனைவியைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

அக்கா பிறந்தது வள்ளியூரில். எனக்கு மூன்று வயது மூத்தவர். மின்னணுவியலில் பட்டயம் படித்து, வகுப்பில் முதலாவதாக வந்தார். அதே பாலிடெக்னிக்கில் அதே பாடத்தில் நானும் சேர்ந்தேன். முதல் நாள் ஆசிரியர் என் பெயரைக் கேட்கவில்லை. "அவ தம்பியா நீ?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெயரே எனக்கு நிலைத்தது.

திருமணமாகிப் பேட்டைக்கு வந்தார். அத்தான் இளம் வயதிலேயே காலமானபோது மகள் கைக்குழந்தை. வள்ளியூருக்குத் திரும்பி வரச் சொன்னோம், வரவில்லை. வீட்டின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, மின்சாதனங்களின் எரிந்துபோன சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்க்கத் தொடங்கினார். மோட்டார், இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் எதன் போர்டானாலும் அந்த மேசைக்குத்தான் போயிற்று. புன்னக்காயலிலிருந்து படகுக்காரர்கள் மீன் காட்டும் கருவியின் போர்டை லுங்கியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். வேலை முடிந்தால் அடுத்த முறை ஒரு கூடை மீன் வரும். சைவ வீடு என்று அக்கா அவர்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. கூடையை வாங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவார்.

நான் அரசுப் பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். போர்டைத் தொடுமுன் என்ன செய்ய வேண்டும், எதை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தவன். ஆனால் என் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட என்னிடம் ஒரு போர்டைக் கொண்டுவந்ததில்லை. அக்காவின் கடைக்குப் போனால் எனக்கு நாற்காலி கிடைக்கும், காப்பி கிடைக்கும். சால்டரிங் அயர்ன் கிடைக்காது. ஒரு போர்டை என் பக்கம் தள்ளி, "நீயே பாருலே" என்று அவர் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய கருகிய பாகத்தைத் தூக்கிப் போடமாட்டார். விபூதி மடிப்பதுபோலக் காகிதத்தில் மடித்து, போர்டோடு சேர்த்துக் கையில் கொடுப்பார். "இதுதான் உங்க வீட்டைப் பிடிச்ச சனியன். ஆத்துல போட்டுருங்க" என்பார். ஜனங்கள் அந்தப் பொட்டலத்துக்காகவே வந்தார்கள் என்பது என் கருத்து. எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் போர்டு எரிந்தபோது, நான் கம்பெனிக்கு எழுதி வரைபடம் கேட்டிருந்தேன். வரைபடம் வருமுன், என் மனைவி போர்டை வயர் கூடையில் வைத்துப் பேட்டைக்குக் கொண்டுபோய்விட்டாள். திரும்பும்போது பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பொட்டலத்தை ஆற்றிலும் போட்டாள். மின்கழிவை ஆற்றில் போடக்கூடாது என்று விதி இருக்கிறது என்றேன்.

"மதினி போடச் சொன்னாங்க, போட்டேன். உங்க விதியா வந்து துணி தொவைக்கும்?" என்றாள்.

கடைசி மாதங்களில் அக்காவுக்கு நுரையீரல் தளர்ந்தது. ஆக்சிஜன் தரும் இயந்திரம் ஒன்றைப் படுக்கையருகில் வைத்திருந்தோம். ஒரு மத்தியானம் இடி இடித்தபோது அதன் போர்டு எரிந்தது. கம்பெனி ஆள் அந்த வாரத்துக்குள் வருவதாகச் சொன்னார். அவசரத்துக்குக் கொண்டுவந்த சிலிண்டரோ மறுநாள் காலை வரைதான் தாங்கும். அக்காவால் எழுந்து மேசைக்குப் போக முடியவில்லை. மகளைப் பார்த்து, "வேற யாரு இருக்கா? அவன்ட்டயே குடு" என்றார்.

நான் கேட்க விரும்பிய சொற்கள் இவை அல்ல. ஆனாலும் மேசையில் உட்கார்ந்தேன்.

ஒரு ரெசிஸ்டர் வண்ணக் கோடுகள் தெரியாத அளவுக்குக் கருகியிருந்தது. பியூஸும் போயிருந்தது. வரைபடம் இல்லாமல் ரெசிஸ்டரின் மதிப்பு எப்படித் தெரியும் என்றேன். அக்கா போர்டைக் கண்ணருகே கொண்டுவரச் சொல்லி, நகத்தால் கரியைச் சுரண்டினார். ஓரத்தில் ஒரு மஞ்சள் கீற்று தெரிந்தது. "இந்த எடத்துல மஞ்சள்னா அரை ஓம் பக்கம்தான் வரும். மூணாவது டப்பால இருக்கு பாரு." டப்பாவைத் திறந்து அதை எடுத்தேன்.

"ரெசிஸ்டர் தானா கருகாதுக்கா. அதைக் கருக்கினது வேற ஒண்ணு இருக்கும்" என்றேன்.

"பாடம் நடத்தாதலே. இடின்னா மொதல்ல போறது அதுதான். ரெண்டையும் மாத்து, நேரா கரண்ட்ல போடு."

"நேரா போடமாட்டேன். பல்பு வழியாத்தான் குடுப்பேன்."

"நான் மூச்சு வாங்கிட்டுக் கெடக்கேன், இவன் பல்பு மாட்டிட்டு இருக்கான்."

விவரம் தெரியாதவர்களுக்காக: பழுது பார்த்த போர்டுக்கு ஒரு குண்டு பல்பின் வழியாக மின்சாரம் கொடுத்தால், உள்ளே கோளாறு மிச்சமிருந்தாலும் புதிய பாகங்கள் எரியாது, பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக் கொடுக்கும். ரெசிஸ்டரையும் பியூஸையும் மாற்றி, பல்பை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. அக்கா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அணைலே. கண்ணு கூசுது."

ஒவ்வொரு பாகமாக மீட்டரில் சோதித்தேன்; குற்றவாளி ஒரு டிரான்சிஸ்டர். வெளியே ஒரு கீறல் இல்லை, உள்ளே மூன்று கால்களும் ஒட்டிக்கிடந்தன. நேராகப் போட்டிருந்தால் புது ரெசிஸ்டரும் அந்தக் கணமே கருகியிருக்கும். அக்காவின் டப்பாவிலிருந்தே வேறொன்றை எடுத்து மாற்றினேன். இந்த முறை பல்பு ஒரு மின்னு மின்னி அடங்கியது. இயந்திரம் ஓடத் தொடங்கியது. மகள் குழாயை அக்காவின் மூக்கில் பொருத்தினாள். நான் காத்திருந்தேன். அந்நேரம் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "மிஷினு ஓடுதே, யாரு பாத்தா?" என்றார்.

"தம்பிய வச்சுச் செஞ்சுட்டேன்" என்றார் அக்கா.

அந்தச் சொல்தான் ஊர் முழுவதும் பரவியது. படுத்த படுக்கையிலும் போர்டைச் சரிசெய்த மகராசி என்று இறுதிச் சடங்கில் ஒவ்வொருவரும் என்னிடமே சொல்லி அழுதார்கள். நானும் தலையாட்டினேன். துக்கத்துக்கு வந்தவர்களைத் திருத்த விதிமுறை ஏதும் இல்லை. ஆகவே இங்கே அச்சில் பதிவு செய்கிறேன்: டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தது நான்.

சிலிண்டரை மழையில் தோளில் சுமந்து வந்தவருக்கும், இரவு பகலாக உதவிய பக்கத்து வீட்டாருக்கும், மருத்துவருக்கும், இந்த ஒருமுறை கூடையில்லாமல் வந்து நின்று அழுத புன்னக்காயல் படகுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று. அன்று பக்கத்து வீட்டம்மா போனபிறகு அக்கா கையை நீட்டினார். "கழட்டினது எங்கலே? பொட்டலம் போட்டுத் தா."

"உங்களுக்கு எதுக்குக்கா?"

"மிஷினு யாரோடது? நான்தானே கஸ்டமர். மெக்கானிக்குதான் மடிச்சுத் தரணும்."

மடித்துக் கொடுத்தேன். "மடிக்கத் தெரியுதா பாரு" என்று சொல்லிக்கொண்டே தலையணைக்கடியில் வைத்தார். எழுந்து நடமாடியதும் தானே ஆற்றில் போடப்போவதாகச் சொன்னார். அவர் எழவில்லை.

குறுக்குத்துறையில் அஸ்தி கரைத்த அன்று அந்தப் பொட்டலத்தையும் சேர்த்துத் தாமிரபரணியில் விட்டேன். விதி எனக்குத் தெரியும். மனைவி பக்கத்தில்தான் நின்றாள்; விதியைப் பற்றி அவளும் கேட்கவில்லை.